நெஞ்சுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

1907-ம் ஆண்டு. மூச்சுத் திணறலோடு வந்த ஒரு கைக்குழந்தையின் நெஞ்சில் அமெரிக்க மருத்துவர் ஒருவர் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார். அவர் குறி வைத்தது மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, இரண்டு இதழ்களாகப் படுத்திருக்கும் தைமஸ் என்ற சுரப்பியை. குழந்தைக்கு மூச்சு சீரானது. செய்தி மருத்துவ ஏடுகளில் வெளியாயிற்று. அடுத்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பச்சிளம் குழந்தைகள் அந்தக் கதிருக்கு ஆளானார்கள். அவர்களில் பலருக்கு எந்த நோயும் இல்லை. "வருமுன் காக்க" என்று பெற்றோரே கேட்டு வாங்கிய சிகிச்சை அது.

காரணம் ஒரு பயம். நேற்று வரை நன்றாக இருந்த குழந்தை இரவில் தூங்கியது, காலையில் எழவில்லை. அப்படி இறந்த குழந்தைகளின் உடலை அறுத்துப் பார்த்தபோது தைமஸ் பெரிதாக இருந்தது. பெருத்த சுரப்பி மூச்சுக்குழலை நெரித்துக் கொன்றிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அதற்கு வாய் நிறைய ஒரு லத்தீன் பெயரும் சூட்டப்பட்டது. பெயர் கிடைத்துவிட்டால் நோயும் இருந்தாக வேண்டும் அல்லவா?

உண்மையில் அந்தச் சுரப்பி பெருத்திருக்கவே இல்லை. ஆரோக்கியமான குழந்தைக்கு இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தது. 'இயல்பான அளவு' என்று மருத்துவர்கள் மனதில் வைத்திருந்த கணக்குதான் தப்பு. அந்தக் காலத்தில் உடற்கூறு படிக்கக் கிடைத்த சடலங்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. அநாதை விடுதிகளிலும் தர்ம ஆஸ்பத்திரிகளிலும் கேட்பாரற்று இறந்தவர்களின் உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம் என்று 1832-ல் பிரிட்டன் சட்டமே போட்டது. நீண்ட நாள் பட்டினியும் தீராத நோயும் உடலை வாட்டும்போது முதலில் வற்றிப்போகும் உறுப்புகளில் ஒன்று தைமஸ். வற்றிப்போன சுரப்பிகளையே பார்த்துப் பழகிய கண்களுக்கு, திடீரென்று இறந்த ஒரு கொழுகொழு குழந்தையின் சுரப்பி ராட்சதமாகத் தெரிந்தது. வறுமை பாடப்புத்தகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு செய்த வேலை இது.

தைமஸின் மேல் பாய்ந்த கதிர், பக்கத்தில் கழுத்திலிருக்கும் தைராய்டையும் விட்டுவைக்கவில்லை. சிறுவயதில் தைராய்டு புற்றுநோய் வந்த பலர் கைக்குழந்தையாக இருந்தபோது தைமஸுக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள் என்பதை 1950-ல் அமெரிக்க மருத்துவர்கள் கவனித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் இப்படிக் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளை அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்தபோதும், அவர்களது உடன்பிறந்தவர்களைவிட அவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் கூடுதலாகவே வந்தது. இல்லாத நோய்க்குச் செய்த வைத்தியம் உண்மையான நோயைக் கொண்டுவந்து சேர்த்தது.

இத்தனை துணிச்சலுக்குப் பின்னால் ஓர் அலட்சியம் இருந்தது. தைமஸால் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். வளர்ந்த விலங்கின் தைமஸை வெட்டி எடுத்துவிட்டாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. மனிதனுக்கும் வயது ஏற ஏற அது சுருங்கிக் கொழுப்பாகிவிடுகிறது. அதற்குள் வெள்ளணுக்கள் கோடிக்கணக்கில் நிறைந்திருந்தன என்பது உண்மை. ஆனால் அவை அங்கேயே மடமடவென்று செத்துக்கொண்டிருந்தன. ஆகவே அது வெள்ளணுக்களின் இடுகாடு என்று தீர்ப்பாயிற்று. தைமஸில் இந்த அணுக்கள் இருப்பது பரிணாமத்தில் நேர்ந்த, பெரிதாகப் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு விபத்து என்ற பொருளில், நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவரே 1960-களின் தொடக்கத்தில் சொன்னார். உடல் எதிர்ப்பு ஆற்றலைப் பற்றி அவரைவிட அதிகம் அறிந்தவர் அப்போது உலகில் மிகச் சிலர்.

அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டவருக்கு அப்போது வயது முப்பது. பெயர் ழாக் மில்லர். பிரான்ஸில் பிறந்து, ஷாங்காயில் வளர்ந்து, போர்மேகம் சூழ்ந்தபோது குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். அவருடைய அக்கா காசநோயால் இறந்தார். ஒரே வீட்டில், ஒரே காற்றைச் சுவாசித்த தம்பிக்கு அந்த நோய் வரவில்லை. ஒருவரை விழுங்கும் கிருமி இன்னொருவரை ஏன் விட்டுவிடுகிறது என்ற கேள்வி சிறுவயதிலேயே அவர் மனதில் விழுந்துவிட்டது.

லண்டனில் மில்லர் ஆராய்ந்தது எலிகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை. ஒரு வகை வைரஸைப் பிறந்த உடனே செலுத்தினால் எலிக்குட்டிக்கு அந்த நோய் வரும். அது தைமஸில்தான் தொடங்கும். வைரஸ் பெருகுவதற்குத் தைமஸ் அவசியமா என்று பார்க்க விரும்பினார். அதற்கு வைரஸைச் செலுத்துமுன்பே தைமஸை எடுத்தாக வேண்டும். அதாவது பிறந்த அன்றே. விரல்நுனி அளவே இருக்கும் குட்டியின் நெஞ்சைத் திறந்து, சுரப்பியை எடுத்து, மறுபடி மூடும் நுட்பமான வேலை அது.

குட்டிகள் பிழைத்தன. தாய்ப்பால் மறக்கும் வரை நன்றாகவே வளர்ந்தன. பிறகு மெலிந்தன, பேதி கண்டன, ஒவ்வொன்றாக மடிந்தன. வைரஸ் செலுத்தப்படாத குட்டிகளும்தான். அவற்றின் ரத்தத்திலும் நிணநீர் முடிச்சுகளிலும் வெள்ளணுக்கள் அருகிப்போயிருந்தன. கிருமிகளை எதிர்க்க ஆள் இல்லை என்று மில்லருக்குத் தோன்றியது. சந்தேகத்தைத் தீர்க்க வேறு இன எலிகளின் தோலை இந்தக் குட்டிகளின் முதுகில் ஒட்டினார். வேற்றுத் தோலைச் சில நாட்களில் உதறித் தள்ளுவதுதான் உடலின் இயல்பு. இவை உதறவில்லை. ஒட்டிய தோலில் முடிகூடச் செழித்து வளர்ந்தது. தன்னுடையது எது, அந்நியம் எது என்ற பேதமே அந்த உடல்களுக்குத் தெரியவில்லை.

1961-ல் லான்செட் ஏட்டில் அவருடைய கட்டுரை வெளியானது. வளர்ந்த விலங்கில் தைமஸை எடுத்தால் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் அதில் விடை இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த பிள்ளைகள் ஊரெங்கும் பரவி வேலைக்குப் போய்விட்ட பிறகு கட்டிடத்தை இடித்தால் ஊருக்கு உடனே நஷ்டம் தெரியாது. முதல் வகுப்புத் தொடங்கும் முன்பே இடித்தால்தான் தெரியும். ஏறக்குறைய அதே நேரத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினரும் இதே முடிவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

1960-களின் பின்பாதியில், மெல்போர்னுக்குத் திரும்பியிருந்த மில்லரும் அவருடைய மாணவர் கிரஹாம் மிட்செலும் இன்னொன்றையும் நிறுவினார்கள். வெள்ளணுக்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்து, கிருமிகளைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கிறது. மற்றது தைமஸில் பயின்று வெளியேறி, முதல் சாதிக்கு உதவுகிறது. நோய் பற்றிய செல்களை நேராகவும் கொல்கிறது. தைமஸின் முதல் எழுத்தைக் கொண்டு இரண்டாவதற்கு 'டி செல்' என்று பெயர் வந்தது. எய்ட்ஸ் கிருமி குறிவைத்து அழிப்பது இந்த டி செல்களில் ஒரு வகையைத்தான். அது அழிந்தால் உடலின் கோட்டைக்கதவு திறந்துகொள்கிறது.

சரி, பள்ளிக்கூடத்தில் என்ன பாடம்?

உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தனக்குள் உற்பத்தியாகும் புரதங்களைத் துணுக்குகளாக நறுக்கி, ஒரு தட்டில் வைத்து வாசலில் காட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே வைரஸ் புகுந்திருந்தால் வைரஸின் துணுக்கும் அந்தத் தட்டில் வந்துவிடும். டி செல் வீடு வீடாகப் போய்த் தட்டைப் பார்க்கும் காவல்காரன். ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் 1970-களின் முதல் பாதியில் கண்டுபிடித்தது இதைத்தான். ஓர் எலியின் டி செல், அதே வைரஸ் பற்றிய வேறு இன எலியின் செல்லைத் தொடவே இல்லை. அந்நியத் துணுக்கு இருந்தால் மட்டும் போதாது. அது தன் வீட்டுத் தட்டில் இருக்க வேண்டும். இந்தக் கண்டுபிடிப்புக்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒவ்வொரு டி செல்லும் தன் பார்வையைத் தானே தற்செயலாக அமைத்துக்கொள்கிறது. மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, கைக்கு வந்ததைச் சேர்த்துக்கொள்கிறது. இனி வரப்போகும் கிருமி எது என்று யாருக்கும் தெரியாதபோது இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கண்மூடிக் கலைத்த சீட்டில் சில, சொந்த உடலையே பகைவனாகக் காட்டும். பெரும்பாலான சீட்டுகள் எதற்கும் உதவாதவை.

அதனால் தைமஸில் இரண்டு பரீட்சைகள். முதலாவதில், உன் வீட்டுத் தட்டு உனக்கு அடையாளம் தெரிகிறதா என்ற கேள்வி. தெரியாதவை அங்கேயே சாகும். இரண்டாவதில், உன் உடலின் சொந்தத் துணுக்கைக் கண்டால் பாய்ந்து பிடிக்கிறாயா என்ற கேள்வி. பாய்பவையும் சாகும். நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை தேறுவதில்லை. பழைய ஆராய்ச்சியாளர்கள் இடுகாடு என்று நினைத்தது இந்தத் தேர்வுக் கூடத்தைத்தான். தோற்றவர்களின் பிணங்களைப் பார்த்தவர்கள், தேறி வெளியே போன சிலரைப் பார்க்கவில்லை.

இரண்டாவது பரீட்சையில் ஒரு சிக்கல் உண்டு. இன்சுலின் கணையத்தில் உற்பத்தியாவது. கண்ணின் புரதம் கண்ணில் இருப்பது. இவற்றையெல்லாம் நெஞ்சுக்குள் இருக்கும் பள்ளிக்கூடத்தில் எப்படிக் காட்டுவது? தைமஸின் சில செல்கள் உடலின் வெவ்வேறு உறுப்புகளுக்கே உரிய புரதங்களைச் சிறு அளவில் தாமே தயாரித்து மாதிரி காட்டுகின்றன. இதை நடத்தும் மரபணு 1997-ல் அடையாளம் காணப்பட்டது. அது பழுதானவர்களின் உடல் தன் சுரப்பிகளைத் தானே தாக்கிக்கொள்கிறது. உலகில் அபூர்வமான அந்த நோய் பின்லாந்து நாட்டில் சற்று அதிகம்.

எத்தனை கண்டிப்பான பள்ளியிலும் போக்கிரிகள் சிலர் தேறிவிடுவார்கள். எல்லோர் உடலிலும் அப்படிப்பட்ட டி செல்கள் திரிகின்றன. ஆனாலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்?

இதற்கு விடை தேடிய கதை ஜப்பானில் தொடங்கியது. எலிக்குட்டியின் தைமஸைப் பிறந்த அன்று எடுக்காமல் மூன்றாம் நாள் எடுத்தால் விளைவு வேறாக இருப்பதை 1969-ல் அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் கண்டிருந்தார்கள். எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. அதற்கு மாறாக, பெண் எலிகளின் சூலகங்கள் அழிந்தன. உடல் தன்னையே தாக்கியது. ஷிமோன் சகாகுச்சி என்ற இளம் மருத்துவர் இதைப் பிடித்துக்கொண்டார். நல்ல எலியின் டி செல்களை இந்தக் குட்டிகளுக்குச் செலுத்தினார். நோய் வரவில்லை. அப்படியானால் டி செல்களிலேயே அடக்கி ஆளும் ஒரு பிரிவு இருக்க வேண்டும். அது தைமஸிலிருந்து சற்றுத் தாமதமாகப் புறப்படுகிறது. மூன்றாம் நாள் கதவை மூடினால் போக்கிரிகள் வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களை மேய்க்கும் போலீஸ் உள்ளேயே அகப்பட்டுக்கொள்கிறது.

சகாகுச்சிக்குக் காலம் சாதகமாக இல்லை. 'அடக்கும் டி செல்கள்' பற்றி முன்பு எழுந்த ஆரவாரம் போதிய ஆதாரமின்றி அடங்கிப்போயிருந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் விடவில்லை. அந்தச் செல்களை இன்னார் என்று பிரித்துக்காட்டும் அடையாளத்தை 1995-ல் வெளியிட்டார். 2001-ல் அமெரிக்காவில் மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும், பிறவியிலேயே தோல் செதில் செதிலாக உரிந்து சில வாரங்களில் சாகும் ஓர் எலிக் குலத்தின் கோளாறு எந்த மரபணுவில் என்று கண்டார்கள். அதே மரபணு பழுதாகப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு, உடல் தன்னையே தாக்கும் கொடிய நோய் வருகிறது. இந்த மரபணுதான் சகாகுச்சியின் போலீஸ் செல்களை உருவாக்குகிறது என்பது 2003-ல் உறுதியாயிற்று. 2025-ல் மூவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

பாடத்தைத் தொடங்கிவைத்த மில்லருக்கு 2019-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. பல விஞ்ஞானிகள் எதிர்பார்த்த நோபல், அவரது கண்டுபிடிப்புக்குப் பின் அறுபது ஆண்டுகள் கடந்தும் அவருக்குத் தரப்படவில்லை.

டி செல்லைப் புரிந்துகொண்டதன் பலன் இன்று மருத்துவமனை வார்டுக்கு வந்துவிட்டது. நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும் புதிய பார்வையைப் பொருத்தி, திரும்ப உடலில் விடும் சிகிச்சைக்கு 2017-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அப்போது மருந்துக்கு மட்டும் விலை 4,75,000 டாலராக இருந்தது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இந்திய வடிவத்துக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அதன் செலவு அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு என்கிறார்கள். அதுவும் லட்சக்கணக்கான ரூபாய்தான் என்பது வேறு விஷயம்.

ஆனால் தைமஸ் மீதான பழைய அலட்சியம் முழுவதும் ஒழிந்துவிடவில்லை. இதய அறுவையின்போது தைமஸ் குறுக்கே நிற்கிறது. மருத்துவர் இதயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதை ஒதுக்க வேண்டும். பல நேரங்களில் வெட்டி எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு அதனால் கேடில்லை என்பது நெடுநாள் நம்பிக்கை. அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் அதைச் சோதித்தார்கள். தைமஸ் எடுக்கப்பட்ட 1,146 பேரையும், தைமஸைத் தொடாமல் அதே மாதிரி நெஞ்சு அறுவை செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் முதல் குழுவில் 8.1 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மற்றதில் 2.8 சதவீதம். புற்றுநோய் வந்தவர்கள் முறையே 7.4 மற்றும் 3.7 சதவீதம். இது பழைய மருத்துவப் பதிவுகளைப் புரட்டிச் செய்த ஒப்பீடு. இதனால்தான் அது நேர்ந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்தான இதயக் கோளாறில், அறுவையா தைமஸா என்ற கேள்விக்கே இடமில்லை. இருந்தாலும் எடுக்காமல் விட முடிந்தால் விட்டுவிடுங்கள் என்று அந்த எண்கள் கேட்டுக்கொள்கின்றன. அந்திமப் பருவத்தில் கொழுப்பாகிக் கிடக்கும் சுரப்பியும் ஏதோ ஓர் ஓரத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறது போலும்.

இந்தியாவுக்கு இதில் இன்னும் நேரடியான செய்தி ஒன்று உண்டு. சத்துணவு கிடைக்காத குழந்தையின் தைமஸ் வற்றிவிடுகிறது. சாதாரணச் சளியும் பேதியும் அந்தக் குழந்தையைக் கொண்டுபோய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பொலிவியா நாட்டில் 1990-களில் இப்படிப்பட்ட குழந்தைகளை ஊட்டி வளர்த்து, தைமஸை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். உடல் எடை ஒரு மாதத்தில் தேறிவிட்டது. தைமஸ் தேறுவதற்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. எடை பார்க்கும் தராசு 'சரியாகிவிட்டது' என்று சொன்ன நாளிலும், நெஞ்சுக்குள் பள்ளிக்கூடம் பாதிதான் திறந்திருந்தது. எடை கூடியதும் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிப் பதிவேட்டை மூடிவிடும் வழக்கம் எந்த நாட்டில் இருந்தாலும், அங்கே இந்தக் கணக்கை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. சில குழந்தைகள் தைமஸே இல்லாமல் பிறக்கின்றன. மில்லரின் எலிக்குட்டிகள் போலத்தான் அவற்றின் கதியும். பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதைத் தாண்டுவதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் மார்க்கெர்ட் என்ற பெண் மருத்துவர் இவர்களுக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார். இதய அறுவை செய்துகொள்ளும் வேறு குழந்தைகளிடமிருந்து வெட்டி எடுக்கப்பட்டு, குப்பைக்குப் போகவிருந்த தைமஸைப் பெற்றோர் சம்மதத்தோடு வாங்கினார். சோதனைச் சாலையில் சில வாரங்கள் வைத்துப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக அந்தக் குழந்தைகளின் தொடைத் தசையில் பதித்தார். ஆறு மாதம், ஒரு வருடம் என்று காத்திருந்தால் டி செல்கள் மெல்ல வரத் தொடங்குகின்றன. 2021 அக்டோபரில் இந்தச் சிகிச்சைக்கு அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

நெஞ்சுக்குள்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இல்லை. தொடையில் இடம் கொடுத்தாலும் போதும், அது மணி அடித்து வகுப்பைத் தொடங்கிவிடுகிறது. நூறாண்டுக்கு முன் எக்ஸ்ரேயால் பொசுக்கியவர்களுக்கு இது தெரிந்திருந்தால் எத்தனை குழந்தைகள் தப்பியிருப்பார்கள்!